மூன்று மணிக்குப் பிறகு நான் கள்ளன்

காலையில் நான் நல்ல மனிதன். இதை நானாகச் சொல்லவில்லை, என் மாமா சொல்லுவார். "என்ட மருமகன் மாதிரி ஒருவன இந்த எழுவான்கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது கா" என்று வேலிக்கு மேலால் அடுத்த வளவு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு, அதே வேலிக்கு மேலால், அதே அக்காவிடம், "இந்த ஊட்டுக்குள்ள ஒரு கள்ளன் இரிக்கான், பாத்து இரிங்க" என்பார். அந்தக் கள்ளனும் நான்தான். அக்கா இரண்டையும் தலையாட்டிக் கேட்பாள். இரண்டாவதைத்தான் அவள் நம்பினாள் என்பது என் சந்தேகம்.

யுத்த காலம் அது. சந்தேகப்படாத மனிதர் எவரும் எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை. நான் கடைத்தெருவில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தேன். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுதான் முழுநேர வேலை. யாராவது நாலு பிரதி கேட்டால் மூன்று போதாதா, நாலாவது யாருக்கு என்று எனக்குள் ஒரு கேள்வி எழும்பும். வந்தவரோ, இவன் ஏன் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்க்கிறான் என்று என்னைச் சந்தேகிப்பார். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும்போது எடுத்த படங்கள்தான் அந்தக் காலத்து அடையாள அட்டைகள் எல்லாம். ஊரே ஏதோ களவெடுத்துவிட்டு நிற்பதுபோல இருக்கும். சிரிக்க வேண்டாம் என்று நான் ஒருவரிடமும் சொல்ல வேண்டி வரவில்லை.

மாமா வாவிக்கு அந்தப் பக்கத்து மனிதர். சூரியன் விழும் கரை என்பதால் அதைப் படுவான்கரை என்போம். நாங்கள் இருப்பது சூரியன் எழும்பும் கரை, எழுவான்கரை. வவுணதீவுக்கும் அப்பால் ஒரு பெரிய வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, அவர் முப்பது வருடம் வட்டவிதானையாக இருந்தார். யாருடைய வயலுக்கு எந்த நாள் எவ்வளவு தண்ணீர் என்று முறை வைத்துக் கொடுப்பதும், முறை தப்பித் தண்ணீர் எடுக்கிறவனைப் பிடிப்பதும் வட்டவிதானையின் வேலை. முதலாவது வேலையை எவனும் செய்வான். இரண்டாவதற்குத்தான் ஆள் வேண்டும். மாமா வரம்பில் நடந்தால் வெட்டு விழுந்த இடத்தை மண்ணின் ஈரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்பார்கள். வெட்டியவனையும் சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னது அநேகமாகச் சரியாகவும் இருக்கும்.

அவர் என் அம்மாவின் அண்ணன். என் தகப்பன் நேரத்தோடு போய்விட்டபடியால் என்னை வளர்த்ததும் அவர்தான். படிப்பு ஏறாது என்று தெரிந்ததும் ஒரு போகத்து நெல்லை விற்று எனக்குக் கமரா வாங்கித் தந்தார். பிறகு மகளையும் தந்தார். மகளுக்கென்று எழுவான்கரையில் கட்டிய வீட்டையும் தந்தார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். நான் ஒரு பெட்டியோடும் ஒரு சோடிச் செருப்போடும் அந்த வீட்டுக்குள் வந்தேன். மாமி இறந்து, சண்டையால் படுவான்கரையில் இருக்க முடியாமல் போனபோது மாமாவும் அங்கே வந்தார். எங்களோடு இருக்க வந்தார் என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். என் மனைவி உடனே திருத்தினாள்.

"நாமதான் அவரோட இரிக்கம்."

அவருக்கு மறதி வந்தது மெல்ல மெல்ல. முதலில் கண்ணாடியை மறந்தார், பிறகு மாமி இறந்ததை மறந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையைத் தட்டிப் பார்க்கவில்லையே தவிர மற்ற எல்லாம் செய்தார். "இது திரும்பாது, பொறுமையா இருங்க, எதிர்த்துக் கதைக்காதீங்க" என்றார். பொறுமை என்பது எந்த மருந்துக் கடையில் கிடைக்கும் என்று நான் கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

மறதியைச் சமாளிக்கலாம். அந்தத் திடீர் மாற்றத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு நித்திரை கொள்ளுவார். எழும்பினால் வெயில் வாவியின் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். அந்த வெளிச்சம் யன்னலால் உள்ளே வந்ததும் அவர் முகத்தில் யாரோ வந்து குந்திக்கொள்வார்கள். சாரத்தை மடித்துக் கட்டுவார். கைத்தடியால் சுவரைத் தட்டுவார். அன்றைக்குத் தண்ணீர் முறை யாருக்கு என்று கேட்பார். நான் ஸ்டூடியோவிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது வாசலில் நின்று என் காலைப் பார்ப்பார். முகத்தைப் பார்க்கமாட்டார். தண்ணீர் களவெடுத்தவனுக்குக் கணுக்காலுக்கு மேல் சேறு இருக்க வேண்டும், அதுதான் அவருடைய சட்டம். என் காலில் சேறு இல்லை என்று கண்டதும் சந்தேகம் இரட்டிக்கும்.

"கழுவிப்போட்டு வந்திருக்காய், என்ன?"

"இல்ல மாமா, ஸ்டூடியோவில இருந்து வாறன்."

"கையக் காட்டு."

காட்டுவேன். முகர்ந்து பார்ப்பார். படம் கழுவும் மருந்தின் நெடி இருக்கும்.

"இது என்ன நஞ்சு? ஆருட வயலுக்கு ஊத்தினாய்?"

ஆரம்பத்தில் நான் ஆதாரங்களோடு வழக்காடினேன். என் கலியாணப் படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். நான் வேட்டியோடு நிற்கிறேன், பக்கத்தில் அவருடைய மகள், பின்னால் அவரே தலைப்பாகையோடு நிற்கிறார். மாமா படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. பிறகு மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"புள்ள, இவன் படம் எடுக்கிறவன் தானே? இவனுக்கு இப்படி ஒண்டு செய்யிறது பெரிய வேலையா?"

தொழில் தெரிந்த மனிதனின் கேள்வி. இந்த வீட்டில் என்னுடையது என்று காட்ட வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். வீடு அவருடையது. கட்டில் மாமியின் சீதனம். மனைவி அவருடைய மகள். சைக்கிள்கூட அவர் தந்ததுதான். கடைசியில் செருப்பைக் காட்டினேன். அதையும் பார்த்துவிட்டு, "இதத்தான் தேடினன். வரம்பில கிடந்த அடிச்சுவடு இதுதான்" என்றார்.

என் மனைவிக்கு வேறொரு முறை இருந்தது. அவள் ஒன்றையும் மறுக்கமாட்டாள். "ஓம் அப்பா, கள்ளன்தான். மறுகா பாப்பம். முதல்ல தேத்தண்ணியக் குடிங்க" என்பாள். மாமா குடிப்பார். பாதிக் கோப்பையில் கோபம் இறங்கிவிடும். சில நாட்களில் மீதிப் பாதியில் திரும்பவும் ஏறிவிடும். எதுவாக இருந்தாலும் என்னைக் கள்ளன் என்று அவள் இவ்வளவு லேசாக ஒத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு பேச்சுக்காவது இல்லை எண்டு சொல்லலாமே?"

"சொன்னா என்ன, நீங்க நல்லவராகிருவீங்களா?"

"பின்ன என்ன செய்யிறது?"

"அவர் கண்ணில படாம கொஞ்ச நேரம் இரிங்க. அவ்வளவுதான்."

கண்ணில் படாமல் இருப்பது நல்ல யோசனை. ஆனால் எனக்கு நல்ல யோசனைகளைக் கெடுக்கும் ஒரு வியாதி உண்டு. ஸ்டூடியோவில் ஒரு கறுப்புக் கோட்டுத் தொங்கியது. படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் போடும் கோட்டு அது. ஊரில் பாதிப் பேர் அந்தக் கோட்டோடுதான் சுவரில் தொங்குகிறார்கள். ஒருநாள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமா என்னைக் கள்ளன் என்று துரத்தியதும் பின்கதவால் வெளியே போனேன். கோட்டைப் போட்டு, இருக்கிற நாலு மயிரைப் பக்கவாட்டில் சீவி, பையில் பேனையும் கையில் ஒரு புதுக் கொப்பியுமாக முன்வாசலால் வந்தேன்.

"விதானையார் இருக்கிறாரா? நான் நீர்ப்பாசனப் பகுதியிலிருந்து வருகிறேன்."

அப்படியே மேடைத் தமிழ். மாமா எழும்பி நின்றார். சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். எனக்குக் கதிரை காட்டினார்.

"வாங்க ஐயா, நல்ல நேரம் வந்தீங்க. இந்த ஊட்டுக்குள்ள ஒருவன் இரிக்கான்..."

அன்றைக்கு அவர் அரைமணித்தியாலம் அமைதியாக இருந்து கதைத்தார். என்னைப் பற்றி என்னிடமே முறைப்பாடு சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். எழுதாவிட்டால் அவருக்குத் திருப்தி வராது. எழுதி முடிந்ததும் கையெழுத்து வைத்தார். முப்பது வருடம் வைத்த கையெழுத்து. மகள் பெயர் மறந்து போகும் நாட்களிலும் அந்தக் கையெழுத்து நடுங்காமல் விழும். பிறகு நன்றாக நித்திரை கொண்டார்.

மார்தட்டிக்கொண்டு மனைவியிடம் போனேன். அவள் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"அவரை ஏமாத்துறீங்க."

"ஆறுதல் குடுக்கிறன்."

"உங்களுக்கு இது விளையாட்டு. அவருக்கு உண்மை."

அவள் சொன்னது சரி. அதனால் நான் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நீர்ப்பாசன ஐயா வந்துபோனார். கொப்பியில் பக்கங்கள் நிரம்பின. எழுத்து என்று வந்துவிட்டால் என் கை சும்மா இருக்காது. மாமா ஒன்று சொன்னால் நான் இரண்டு சேர்ப்பேன். "சந்தேக நபர்: பெயர் தெரியாது. மாலையில் சைக்கிளில் வருவான். முன்தலை வழுக்கை. முழி சரியில்லை. கையில் இரசாயன நெடி. அக்கரை ஆட்களோடு சேர்ந்து மேல்மடையை உடைக்கத் திட்டம்." இதை வாசித்து நானே சிரித்தேன். வாவிக்கு அக்கரை இயக்கத்தின் கையில் இருந்த அந்தக் காலத்தில், எங்கள் ஊரில், இப்படி ஒரு கொப்பியைத் தன் கைப்பட எழுதி, தன் வீட்டு அலுமாரியில் வைத்துக்கொண்டு சிரித்த மூளை எனக்குத்தான் இருந்தது.

ஒருநாள் விடியவே ஆமிக்காரர்கள் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னது. வயதானவர்கள் வீட்டில் இருக்கலாம். நான் புறப்படும்போது மாமா வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். காலை மாமா.

"எங்க மனே, இவ்வளவு வெள்ளண?"

"சும்மா மாமா, கூட்டம் ஒண்டு."

"சாப்பிடாமப் போகாத."

மனைவி என் அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

முதல்நாள் மழையில் சேறாகிக் கிடந்த மைதானத்தில் வரிசையாக இருந்தோம். எனக்குப் பெரிய பயம் இல்லை. நான் படம் எடுக்கிறவன், முகாமிலிருந்தும் படத்துக்கு வருவார்கள், என்னைத் தெரியும். பத்து மணி இருக்கும், ஒரு சிப்பாய் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். போனேன். ஒரு வகுப்பறை மேசையில் அதிகாரி ஒருவர் இருந்தார். இளம் ஆள். மேசையில் என் கொப்பியும் மடித்து வைத்த கறுப்புக் கோட்டும் இருந்தன. நாங்கள் மைதானத்தில் இருக்க, வீடு வீடாகச் சோதித்திருக்கிறார்கள். எனக்குக் கொப்பியைவிட அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வேர்த்தது.

தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். அவருடைய தமிழ் கொஞ்சம் மெதுவானது, ஆனால் வாசிக்கத் தெரிந்திருந்தது. அதுதான் பிரச்சினை.

"இத எழுதினது யாரு?"

"நான் சேர்."

"முறைப்பாடு சொன்னது?"

"என்ட மாமா."

"இந்தச் சந்தேக நபர் யாரு? முன்தலை வழுக்கை. இரசாயனம்."

நான் தலையைத் தடவினேன். "அதுவும் நான்தான் சேர்."

அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. தான்தான் பிழையாகக் கேட்டுவிட்டதாக நினைத்து இன்னொருமுறை கேட்டார். நானும் இன்னொருமுறை சொன்னேன். இந்த முறை மொழிபெயர்த்தார். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கோட்டைக் காட்டினார்.

"இது?"

"நீர்ப்பாசன அதிகாரி மாதிரி வாறதுக்கு."

"நீ நீர்ப்பாசன அதிகாரியா?"

"இல்ல சேர்."

வாயைத் திறக்கத் திறக்க ஒரு குற்றம் கூடியது. மேல்மடை எது, அக்கரை ஆட்கள் யார், உடைக்கும் நாள் எது என்று கேட்டார்கள். மாமாவுக்கு மறதி நோய், இது அவரை அமைதிப்படுத்த நான் ஆடும் நாடகம் என்றேன். சொல்லும்போது எனக்கே அது நல்ல பொய்யாகக் கேட்டது. ஆயிரம் பேரைக் கதிரையில் இருத்தி, நேராகப் பாருங்கள், அசையாதீர்கள் என்று சொன்னவன் நான். அன்றைக்கு எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முழி சரியில்லை என்று நானே எழுதி வைத்தது எவ்வளவு சரி என்று அப்போது விளங்கியது.

கடைசியில் அதிகாரி ஒரு முடிவு சொன்னார். கையெழுத்து வைத்த கிழவரைக் கொண்டுவரட்டும். அவர் இவனைத் தன் வீட்டு ஆள் என்று சொன்னால் பார்க்கலாம். இல்லாவிட்டால் இவன் பஸ்ஸில் ஏறட்டும்.

வாசலில் இரண்டு பஸ்கள் நின்றன. யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. அதில் ஏறியவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள் என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். என்னை வாகை மரத்தின் கீழ் தனியே இருத்தினார்கள். மணிக்கூட்டைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். எதிரே கொடிக்கம்பம் நின்றது. அதன் நிழல் கம்பத்தின் அடியில் சுருண்டு கிடந்தபோது, இப்போது வந்துவிடுங்கள் மாமா, இப்போது வந்தால் நான் உங்கள் மருமகன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு நித்திரை கொள்வார். அந்த நித்திரையிலிருந்து எழுப்பினால் நேரே கள்ளன் பிடிக்கும் மனிதர்தான் எழும்புவார். எழுப்பாமல் விட்டாலும் மூன்று மணிக்கு அவர்தான் எழும்புவார். மனைவி எதைத் தேர்ந்தெடுப்பாள்? அவளுக்கும் என்மேல் ஏதாவது கோபம் இருக்குமோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. மரத்தடியில் தனியே இருக்கிறவனுக்கு எல்லாரும் சந்தேக நபர்கள்தான்.

நிழல் ஒரு கால் நீளம் ஆனது. ஒரு ஆள் நீளம் ஆனது. அதற்குள் முதலாவது பஸ் புறப்பட்டுவிட்டது.

பிறகு வீதியில் அவர்களைக் கண்டேன். மனைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாக வரப் பார்த்தாள். மாமா அவளை வரவிடவில்லை. மதகு ஒன்று வந்ததும் நின்றார். குனிந்து உள்ளே பார்த்தார். தடியை விட்டுத் தண்ணீர் அளந்தார். மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். பத்தடி நடந்தார். வீதியோரத்து வாய்க்காலைக் கண்டு திரும்பவும் நின்றார். சாரம் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது. அதைக் கண்டதும் எனக்கு முடிந்துவிட்டது. வந்துகொண்டிருப்பது மாமா இல்லை, வட்டவிதானை.

அதிகாரி வெளியே வந்தார். மாமாவுக்கு ஒரு கதிரை போடச் சொன்னார். மாமா அதில் இருக்கவில்லை.

"இந்த ஆளத் தெரியுமா?" மொழிபெயர்க்கிறவர் என்னைக் காட்டிக் கேட்டார்.

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். விடியற்காலையிலிருந்து மைதானத்தில் இருந்த கால். முழங்கால் வரை சேறு.

"தெரியும்" என்றார். "இவன் கள்ளன்."

மனைவி, "அப்பா!" என்றாள். என் பக்கத்தில் நின்ற சிப்பாய் என் தோளில் கை வைத்தான்.

மாமா தடியை ஊன்றிக்கொண்டு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"என்ட வட்டைக் கள்ளன். எத்தின போகமாத் தேடுறன் இவன. நீங்க ஆரு இவனப் புடிக்க?"

மொழிபெயர்க்கிறவர் திணறினார். "இவரு என்ன வேலை?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் அதிகாரியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அதில் 'வெல் விதானே' என்ற ஒரு சொல்தான் விளங்கியது. தண்ணீர் பங்கிடும் மனிதருக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். அதிகாரி மாமாவை மேலும் கீழும் பார்த்தார். மடித்துக் கட்டிய சாரத்தை, வெடித்த குதிக்காலை, தடியை எல்லாம் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்க்கிறவர் அதை மெதுவாகச் சொன்னார்.

"தண்ணி களவெடுத்த ஆளப் புடிச்சா, நீங்க என்ன செய்யிற?"

மாமாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளையும் அறிந்த விசயம் என்பதுபோல முகத்தைச் சுளித்தார்.

"வட்டைக்குள்ள வச்சு விசாரிப்பம். குத்தம் போடுவம். வெட்டின வரம்ப அவனே கட்டித் தரோணும். அதுக்கு மறுகாவும் அவன் நம்மட ஆள்தான், அடுத்த போகம் அவனுக்கும் தண்ணி குடுக்கோணும்தானே? வெளியாருக்குக் குடுக்கிற வழக்கம் இல்ல. இவன என்னட்டத் தாங்க."

மொழிபெயர்ப்பு நெடுநேரம் நடந்தது. அதிகாரி சிரித்தார் என்று சொல்லமாட்டேன். அவருடைய வாயின் ஒரு பக்கம் கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான். அவருக்கும் எங்கோ ஒரு வயல் இருந்திருக்கலாம். அல்லது மத்தியானம் முழுக்க இந்தக் கொப்பியோடு மாரடித்துக் களைத்திருக்கலாம். கொப்பியை அவர் வைத்துக்கொண்டார். கோட்டை என் கையில் தரச் சொன்னார். அடையாள அட்டையும் மணிக்கூடும் வந்தன. போகலாம் என்று கையைக் காட்டினார்.

மாமா என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். வரம்பில் எத்தனையோ பேரைப் பிடித்து இழுத்து வந்த கை அது. வயது போனாலும் பிடி போகவில்லை. மைதானத்தின் நடுவால், வரிசையில் இருந்த ஊர் ஆண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கள்ளனை அவர் நடத்திக்கொண்டு போனார். இரண்டாவது பஸ்ஸுக்கு அருகால் போகும்போது எனக்குக் கால் பின்னியது. மாமா இழுத்தார்.

"நட. சும்மா நடிக்காத."

வரும்போது மதகையும் வாய்க்காலையும் கண்டு நின்ற மாமா, திரும்பும்போது ஒரு தரமும் நிற்கவில்லை. இதை நான் கவனித்தேன். மனைவியும் கவனித்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. பலமான சந்தேகம். இந்த மனிதருக்கு நான் யார் என்று தெரியுமா? தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னாரா? அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். எத்தனை முகங்களைக் கமராக் கண்ணாடிக்குள்ளால் பார்த்திருக்கிறேன். யார் பொய் சொல்கிறான், யார் பயந்திருக்கிறான் என்றெல்லாம் பெரிய பீற்றல் பீற்றுவேன். அந்த முகத்தை என்னால் வாசிக்க முடியவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் மனைவி படலையைத் திறந்தாள். மாமா என்னை உள்ளே தள்ளிக்கொண்டு தானும் வந்தார். கையை விடவில்லை.

"மாமா," என்றேன். "நான் ஆரெண்டு தெரியுதா?"

அவர் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார்.

"படலையப் பூட்டு புள்ள. இவன வெளியில உடாத. வெளியில ஆக்களப் புடிக்கிறானுகள்."

அவள் பூட்டினாள். பூட்டிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் மூன்று கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாமா வாங்கில் இருந்தார், என்னையும் பக்கத்தில் இருத்தினார். வலது கை இன்னும் அவரிடம்தான் இருந்தது. நான் இடது கையால் குடித்தேன்.